கேட்டதாகச் சொன்னவர்கள்

கிழக்கு வெளுப்பதற்குள் முதல் ஷிப்டு வேலையில் இறங்கிவிடும். நீளமான தகரக் கொட்டகை. அதில் இரண்டு வரிசையாக இருபத்திரண்டு ஆணி எந்திரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கம்பிச் சுருள் சுழலும். சுருளிலிருந்து கழன்று வரும் கம்பி உருளைகளுக்கு நடுவே நுழைந்து, நெளிவு நிமிர்ந்து உள்ளே போகும். இரண்டு இரும்புத் தாடைகள் அதைக் கவ்வும். எதிரிலிருந்து ஒரு சுத்தி வந்து நெற்றியில் அறையும். ஆணிக்குத் தலை வந்துவிடும். உடனே இரண்டு கட்டர்கள் குறுக்கே வந்து கடிக்கும். ஆணிக்கு முனை வந்துவிடும். கவ்வல், அறை, கடி. கண் சிமிட்டும் நேரத்தில் ஓர் ஆணி தொட்டியில் விழுந்து, அடுத்தது பாதி முளைத்திருக்கும். ஓர் எந்திரம் நிமிஷத்துக்கு முந்நூறு ஆணிக்குக் குறையாமல் துப்பும். இருபத்திரண்டும் சேர்ந்து துப்பும்போது கொட்டகையின் தகரம் பல் நடுக்கம் கண்டவன் மாதிரி ஆடும்.

அந்தச் சத்தத்தில் பேச்சு என்பது கிடையாது. உதடுதான் உண்டு. உதட்டை அசைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் புரியும். வம்பு, கேலி, வீட்டுக் கவலை எல்லாம் குரலே இல்லாமல் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாண்டிப் போகும்.

நடுவிலுள்ள எட்டு எந்திரங்களைச் சீர்செய்கிற பெண்ணுக்கு வைத்தியச்சி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவள் செட்டர். எந்திரத்தின் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். கவ்வலும் அறையும் கடியும் சேர்ந்து மற்றவர்களுக்கு ஒரே இடியாகக் கேட்கும்; அவளுக்கு மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். கட்டர் மழுங்கினால் முனையில் பிசிறு தெரிவதற்கு முன்பே அந்தக் கடியின் சத்தம் மாறும். கண்ணாடியில் நகம் கீறுவது போன்ற மெல்லிய சத்தம் அது. அதைக் கேட்டு, எந்திரத்தை நிறுத்தி, கட்டரை மாற்றச் சொல்வாள். பதினெட்டு வருஷமாக அவள் சொன்ன நோய் தப்பியதில்லை.

அன்று காலை பதினோராம் எந்திரத்தின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றாள். கவ்வல் கேட்டது. அறை கேட்டது. கடி கேட்கவில்லை.

இது முதல் தடவை இல்லை. சில மாதங்களாகவே அந்தக் கடி அவளை விட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. தலையைச் சாய்க்கிற பாவனையை விடாமல், முழங்கையை எந்திரத்தின் உடம்பில் ஒட்டவைத்து அதிர்வைப் பார்ப்பாள். யாரும் கவனிக்காதபோது தொட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து முனையை விரலால் தடவுவாள். எந்த நிமிஷம் யார் தோளைத் தொட்டு “என்ன தேடுற?” என்று கேட்பார்களோ என்று ஆணியைச் சட்டென்று தொட்டியில் போட்டுவிடுவாள்.

வீட்டிலும் இதே கண்ணாமூச்சிதான். புருஷன் தையற்காரன், மெதுவாகப் பேசுகிற மனுஷன். தைத்துக்கொண்டே முதுகைக் காட்டி ஏதாவது கேட்பான். பதில் வராது. “ரெண்டு தடவை கூப்பிட்டேனே, என்ன கோவம்?” என்று திரும்புவான். ஆமாம், கோபம்தான் என்று அவள் சொல்லிவிடுவாள். செவிடி என்பதைவிடக் கோபக்காரி என்பது மரியாதையான பேர். இல்லாத கோபத்துக்கு அவன் இருக்கிற எல்லாக் காரணத்தையும் தேடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

மூன்று மாதத்துக்கு முன்னால், காது கெடுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற நிலையத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். தொழிலாளிகள் அவருக்குக் காது மேடம் என்று பேர் வைத்தார்கள். இரைச்சலான நாற்பது தொழிற்சாலைகளில் காதுகளைச் சோதித்து, எந்தச் சத்தம் எத்தனை வருஷத்தில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. எந்திரம் ஓடாத விடுமுறை நாளில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார்.

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதன் உள்பக்கம் பல்லாயிரம் நுண்மயிர்கள் நிற்கின்றன. சத்தம் வந்தால் அவை வளைந்து, வளைந்த செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன என்றார். துருத் தேய்க்கிற கம்பி பிரஷை நினைத்துக்கொள்ளச் சொன்னார். மெதுவாகத் தேய்த்தால் கம்பிகள் வளைந்து நிமிரும். அழுத்தி அழுத்தித் தேய்த்தால் ஒருநாள் படுத்தவை எழுந்திருக்காது. பிரஷைப் புதிதாக வாங்கலாம். காது மயிர் மறுபடி முளைக்காது.

மெல்லிய, கீச்சென்ற சத்தங்களுக்கான மயிர்கள் சுருளின் வாசலில் இருக்கின்றன. தடித்த சத்தங்களுக்கானவை உள்ளறையில். எந்த விருந்தாளி வந்தாலும் வாசலை மிதித்துத்தானே உள்ளே போகணும், அதனால் வாசல்தான் முதலில் தேயும் என்றார் மேடம். அப்படித் தேய்ந்தவருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் தெளியாது. குறில், நெடில் எல்லாம் வரும். ‘ச’வும் ‘ட’வும் ‘ப’வும் வராது. எலும்பில்லாத பேச்சாகக் கேட்கும்.

வைத்தியச்சிக்கு, தன் காதைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

பரிசோதனையில் கெடுதல் தெரிந்தால் எந்திரங்களுக்குச் சத்தம் அடக்கும் கூடு போட்டுத்தருவதாக முதலாளி அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நல்ல வார்த்தைதான். ஆனால் தொழிலாளிகளுக்கு வேறொரு பரிசோதனை நினைவிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கண் பார்க்க வந்தார்கள். பார்வை மங்கிய மூன்று பேருக்குக் கண்ணாடி வரும் என்றார்கள். கண்ணாடி வரவில்லை, இனி வேலைக்கு வரவேண்டாம் என்ற கடிதம் வந்தது.

மேடம் முதலுதவி அறையில் கருவியை வைத்தார். ஒவ்வொருவராக முதுகைக் காட்டி உட்காரவேண்டும். காதில் மூடி மாட்டுவார். மிகச் சின்ன சத்தம் கேட்டாலும் கையிலிருக்கிற பொத்தானை அமுக்கவேண்டும். வைத்தியச்சி உட்கார்ந்தாள். தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. வரவேண்டிய நேரம் என்று தெரிந்தது, ஒன்றும் வரவில்லை. பயத்தில் கண்ணை இங்குமங்கும் ஓட்டினாள். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதில் அவளுக்குப் பின்னாலிருந்த கருவி தெரிந்தது. அதன் மூலையில் ஒரு பொட்டுப் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் அமுக்கினாள்.

வெளியே வந்தவள் வரிசையின் தலையில் நின்றவளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: அலமாரியில பச்சையைப் பாரு. காது போன இடத்தில் கண்ணை வைத்துப் பிழைக்கிறவர்கள் அவர்கள். ஒரு நிமிஷத்தில், ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல், அது வரிசையின் வாலுக்குப் போய்ச் சேர்ந்தது.

முப்பத்து நாலு பேரும் தேறினார்கள்.

*

அறிக்கை வந்ததும் முதலாளி அதை எந்திரங்களை நிறுத்திவிட்டே படித்தார். உங்கள் காதெல்லாம் தங்கம் என்று பாராட்டினார். கூடு போடும் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் கொட்டகைக்கும் பாக்கிங் பிரிவுக்கும் நடுவே இருந்த செங்கல் சுவர் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஆறு புது எந்திரங்கள் வந்து இறங்கின.

சத்தத்தின் கணக்கு தராசுக் கணக்கு இல்லை. சத்தமானி எண்பத்தைந்து டெசிபல் காட்டுகிற இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்பார்கள். மூன்று ஏறி எண்பத்தெட்டானால் நாலு மணி நேரம்தான். இன்னும் மூன்று ஏறினால் இரண்டு. ஒவ்வொரு மூன்றுக்கும் காதின் பொறுமை பாதியாகும். இப்படி இறங்கிப் போனால் நூறில் கால் மணி நேரம் மிஞ்சும். கொட்டகையில் நூறுக்கு மேலே எப்போதோ போயிருந்தது. ஷிப்டு எட்டு மணி நேரம். எந்திரம் துடைக்கிற வேஸ்ட் பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். மூடாத கதவுக்குத் திரைச்சீலை மாதிரி, மனசுக்குத்தான் அது அடைப்பு.

புது எந்திரங்கள் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் அது நடந்தது. கம்பிச் சுருள்களை இடம் மாற்றுகிறவருக்குக் கப்பல் என்று பேர். இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடப்பார். மேலே பாரம் தூக்குகிற சங்கிலியின் கொக்கி நழுவுவதை வைத்தியச்சிதான் முதலில் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். இன்னும் மூன்று பேர் கத்தினார்கள். கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு சுருளின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இந்தப் பக்கம் இருந்திருந்தால் நாலு உதடுகளும் தெரிந்திருக்கும். சுருள் அவருடைய இடது காலில் இறங்கியது.

சிகிச்சைக்கும் நஷ்ட ஈட்டுக்கும் முதலாளி கையெழுத்துப் போட மறுத்தார். காரணம் ஒரே வரியில் இருந்தது: காது நன்றாகக் கேட்கும் தொழிலாளி, எச்சரிக்கையைக் கேட்டும் நகரவில்லை. சாட்சியாக, ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கை இணைக்கப்பட்டிருந்தது.

அந்தத் தாளை வாயாடி எல்லோருக்கும் காட்டினாள். அவள் அடுத்த எந்திரத்துக்காரி. சத்தமிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய் ஓயாதவள். அன்று அவள் வாய் அசையவில்லை. வைத்தியச்சி தாளை ஒரு தடவைதான் படித்தாள். கப்பலுக்கு அந்தப் பச்சை விளக்கைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அதில் எழுதவில்லை. அவளுக்குத் தெரியும்.

*

காது மேடம் தானாகவே திரும்பி வந்தார். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, முப்பத்து நாலு வரைபடங்களையும் மேசையில் பரப்பினார். ஆணி, தறி, கல்லுடைப்பு எங்கே வேலை செய்தாலும் காதின் கோடு ஓரிடத்தில் பள்ளம் விழும்; மெல்லிய சத்தங்கள் இருக்கிற பக்கம் குழி மாதிரி இறங்கும். இங்கே எல்லாக் கோடும் தரைமட்டம்.

“பதினெட்டு வருஷம் ஆணிக் கொட்டகையில இருந்த காது, பச்சைப் பிள்ளை காது மாதிரி இருக்கு. இது காது வரைஞ்ச கோடு இல்லம்மா. ஸ்கேல் வெச்சுப் போட்டது. விளக்கு தெரியற மாதிரி எதிர்ல இருந்த கண்ணாடி அலமாரியக் கவனிக்காதது என் தப்பு. நான் யாரையும் திட்ட வரல.”

தேநீரில் ஆடை படிந்தது. மறுபடி சோதித்தால் யார் யார் என்று முதலாளிக்குத் தெரியுமா என்று கடைசியில் வைத்தியச்சி கேட்டாள்.

“ஆராய்ச்சிக்குப் பேரே வேண்டாம், எண் போதும். உங்க வேலைக்கு ஆபத்தில்ல,” என்றார் மேடம். கொஞ்சம் நிறுத்தி, அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஆனா எண் போட்ட காகிதம் கப்பல் அண்ணனுக்கு உதவாது. அவர் காதை ஆஸ்பத்திரியிலேயே பாத்துட்டேன், சுத்தமாப் போயிருக்கு. அவர் ஒருத்தர் மட்டும் மாத்திச் சொன்னா, கால் போனதும் காது போச்சான்னு கேப்பாங்க. எல்லாரும் பேரோட சொன்னாத்தான் பழைய அறிக்கையே தப்புன்னு நிக்கும்.”

அன்று சாயங்காலம் வைத்தியச்சி புருஷனுடைய தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இத்தனை மாதமும் கோபமில்லை, காதுதான் என்றாள். அவன் மிதியை நிறுத்தினான். வேலை போய்விடுமா என்று கேட்பான் என்று நினைத்தாள். இத்தனை நாள் தான் பேசியதில் எவ்வளவு கேட்டது என்றுதான் கேட்டான். பாதி என்றாள். பிறகு அவன் எழுந்து, சுவரைப் பார்த்திருந்த எந்திரத்தை இழுத்து, அவள் உட்காரும் பக்கமாகத் திருப்பிப் போட்டான்.

*

மறுநாள் ஐந்து பேர் முதலாளியைப் பார்க்கப் போனார்கள். அவருடைய அறை கொட்டகையின் ஓரத்திலேயே, ஏழு படி உயரத்தில் இருந்தது. கதவைச் சாத்தியதும் இருபத்தெட்டு எந்திரங்களும் யாரோ கம்பளியால் மூடியது போல அடங்கின. ஜன்னலுக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி. நடுவே விரற்கடை இடைவெளி. கதவு விளிம்பு முழுக்க ரப்பர். சத்தத்தை எப்படித் தடுப்பது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கப்பலுக்குக் காது கேட்காது, அறிக்கை தப்பு என்று வாயாடி சொன்னாள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை.

“அறிக்கை தப்புன்னா, எழுதினவங்க தப்பா? உக்காந்தவங்க ஏமாத்தினாங்களா?”

அவர் பார்வை வைத்தியச்சியிடம் வந்து நின்றது.

“இவங்க காதாலதான் இங்க செட்டரா இருக்காங்க. இவங்க காதும் போச்சா?”

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டி நின்று, கீழே ஓடுகிற எந்திரங்களைப் பார்த்தபடி ஏதோ பேசினார். வைத்தியச்சிக்குத் தோள் அசைவது தெரிந்தது. தண்ணீருக்கடியில் யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. அதில் எலும்பில்லை. ரத்தம் காதுக்குள் ஏறி அடித்தது. பக்கத்தில் வாயாடியின் உதடு அசையத் தொடங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவர் சொன்னதைச் சொல்லித்தரப் போகிறாள். கொஞ்சம் திரும்பினால் போதும். வேலை தப்பும்.

வைத்தியச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது முதலாளி அவளுக்கு நேரே நின்றார். “இப்ப நான் என்ன சொன்னேன்?”

“தெரியலைங்க. கேக்கல.” சொன்ன குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. “எனக்குக் காது போயிருச்சு. அன்னிக்கு அலமாரிக் கண்ணாடியில விளக்கப் பாத்துத்தான் அமுக்கினேன். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததும் நான்தான். கப்பல் அண்ணனுக்கும்.”

“அப்புறம் செட்டர் வேலை உனக்கு எதுக்கும்மா?”

“எனக்கும் கேக்காதுங்க,” என்றாள் வாயாடி.

அவர் சிரித்தார். “உனக்கா? இப்பத்தான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கப் பாத்த. கேக்காமலா?”

“எங்க கேட்டுச்சு? ஜன்னல் கண்ணாடியில உங்க உதடு தெரிஞ்சுது. ‘இவள நாளைக்கே நிறுத்தணும்’னீங்க.”

முதலாளி ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கட்டர் தீட்டுகிற பெரியவர் தனக்கும் கேட்காது என்றார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். காது கேளாதவர்களை எந்திரத்தில் நிறுத்தினால் ஆபத்து, ஐந்து பேரையும் வெளியே அனுப்பத் தனக்கு வழி உண்டு என்று முதலாளி நிதானமாகச் சொன்னார்.

“அஞ்சு பேர் இல்லைங்க,” என்றாள் வைத்தியச்சி. “முப்பத்து நாலு பேரு. எங்க காத நாங்க வீட்டுல வெச்சுக் கெடுக்கல.”

“முப்பத்து நாலு பேரும் பேர் போட்டுச் சொல்லுவாங்களா? பாக்கலாம்.”

கதவைத் திறந்ததும் சத்தம் முகத்தில் அறைந்தது. படி இறங்கும்போது ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

*

மறுநாள் விடியலில் ஆராய்ச்சி நிலையத்தின் வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே விட அனுமதியில்லை. வண்டிக்குள் தடித்த சுவர் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. ஷிப்டுக்கு அரை மணி நேரம் இருக்கையில் வைத்தியச்சி வந்தாள். மேடமும் வாயாடியும் பெரியவரும் நின்றார்கள். நேற்று கூட வந்த மற்ற இருவரைக் காணவில்லை. தெருமுனையில் ஆட்கள் கூட்டமாக நிற்பது தெரிந்தது, யாரும் நெருங்கவில்லை. கேட்டுக்குள்ளிருந்து மேஸ்திரி, யார் யார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

தன்னால் இவர்கள் எல்லோரும் போச்சு என்று நினைத்துக்கொண்டே வைத்தியச்சி பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அறைக்குள் கதவு சாத்தியதும் இதுவரை அறியாத அமைதி வந்து அமுக்கியது. உண்மையில் அமைதியுமில்லை, வெளிச்சத்தம் ஒழிந்ததும் தலைக்குள்ளே ஓயாமல் ஒரு ரீங்காரம் இருப்பது தெரிந்தது. சுவரில் கண்ணாடியோ விளக்கோ எதுவும் இல்லை. பொத்தான் கையில் வழுக்கியது. தடித்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அமுக்கினாள். பிறகு ரீங்காரம் மட்டும். இந்நேரம் ஒன்று வந்திருக்கும், இப்போது இன்னொன்று என்று விரல் துடித்தது. போன தடவை தவறாமல் பதில் சொன்ன விரல். அதை மடக்கி உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டாள். அந்த இருட்டில் எத்தனை சத்தங்கள் அவளைத் தாண்டிப் போயின என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேடம் வரைபடத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து, பிறகு கிணற்றில் குதித்தது. பார்க்கப் பயமாக இருந்தது. அதை வெகு நேரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

வெளியே நன்றாக விடிந்திருந்தது. வண்டியின் படியில் வாயாடி ஏறத் தயாராக நின்றாள். அவளுக்குப் பின்னால் பெரியவர். அவருக்குப் பின்னால் நேற்று வந்த இருவர், தலையைக் குனிந்தபடி. அதற்குப் பின்னால் ஒரு வரிசை. எண்ணத் தொடங்கி, பத்தொன்பதில் விட்டுவிட்டாள். கடைசியில் பாக்கிங் பிரிவுப் பெண்கள் சிலர் நின்றார்கள். முதல் பரிசோதனையில் அவர்கள் பேரே இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் தெருமுனையிலேயே நின்றார்கள், வருவதா வேண்டாமா என்று.

ஷிப்டு நேரம் ஆகிவிட்டது. மேஸ்திரி கேட்டைத் திறந்து, கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ கத்தினார். என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

வைத்தியச்சி வரிசையின் கடைசிக்கு நடந்து போனாள். அங்கே நின்ற பாக்கிங்காரி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லும்மா. எனக்குக் காது கேக்காது.”

அவள் முகத்தை நிமிர்த்தினாள். “பயமா இருக்குக்கா.”

“எனக்குந்தான்,” என்றாள் வைத்தியச்சி. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் வியர்த்துத்தான் இருந்தது. “வா. வரிசை நகருது.”